என் சொத்தைப் பார்க்க வந்த பல் டாக்டர்

"உயிரே போனாலும் காரை விற்க மாட்டேன்!" என்று நான் சொன்னேன். எழுந்து நின்று, மார்பைத் தட்டி, கணீரென்ற குரலில் சொன்னேன். குளியலறைக்குள் இருந்ததால் யார் காதிலும் விழவில்லை.

வெளியே வந்து சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"காரை... விக்க வேணாம்னு பார்க்கிறேன்."

"பாருங்க," என்றாள் என் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "நல்லாப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பார்க்க முடியும். அன்னிக்கு ஒருத்தர் வாங்க வர்றார்."

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தது. ஆனால் முடி கொட்டவில்லை. உருண்டையாக இரண்டு கண்கள். முன்சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம். கியர் தரையில் இருக்காது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் குடைக் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் வெள்ளை நிறம். இப்போதும் வெள்ளைதான், பல் விளக்காத வெள்ளை. என் பழைய மேலதிகாரி ஓய்வு பெற்றபோது அவரிடமிருந்து வாங்கியது. அவருடைய அப்பா புதிதாக வாங்கிய வண்டி. அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். சட்டையைக்கூட.

ஓடுமா என்று கேட்காதீர்கள். ஓடும், மனசு வைத்தால். ஞாயிறுதோறும் காலையில் ஸ்டார்ட் செய்வேன். இருமும். தும்மும். பிறகு என் முகத்துக்காகக் கிளம்பும். தெருமுனை வரை போவேன். அங்கே திருப்ப இடமில்லாததால் ரிவர்ஸிலேயே வீடு வந்து சேர்வேன். மிச்ச நாள் முழுக்க அதை ஷெட்டில் நிறுத்தி, முன்சீட்டில் சாய்ந்து பேப்பர் படிப்பேன். இந்த வீட்டில் நான் ஸ்டீயரிங் பிடிக்கிற ஒரே இடம் அதுதான்.

என் மனைவி தையற்காரி. தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். டேப்பே இல்லாமல் ஓர் ஆளைப் பார்த்த பார்வையிலேயே அளவு சொல்வாள். என்னை எப்போதோ அளவெடுத்து வைத்துவிட்டாள். அவளுடைய மெஷின் இருப்பது எங்கள் படுக்கையறையில். அதனால் தலையணையில் நூல், போர்வையில் பொத்தான். ஒரு நாள் அலுவலகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். காரணம் சாயங்காலம்தான் தெரிந்தது. யாருடையதோ ஒரு வலது கை, அதாவது சட்டையின் வலது கை, குண்டூசியோடு என் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி காலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஷெட்டுல கடை வெச்சா தெருவுல போறவங்க கண்ணுல படும்ல?" என்றாள். "இப்ப வர்றவங்க எல்லாம் நம்ம கட்டில்ல உக்காந்து அளவு குடுக்கிறாங்க. நல்லாவா இருக்கு?"

"கட்டிலை வித்துடலாமே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கட்டிலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

"சரி, நியாயமாப் பேசுவோம்," என்றாள். "இந்த வண்டி என்ன விலை பெறும்?"

இது ஒரு குழி. எனக்கே தெரிந்தது. ஆனால் குழியை நானேதான் பல வருஷமாக வெட்டி வைத்திருந்தேன். மாமனாரிடம், அலுவலகத்தில், எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம், தபால் கொடுக்க வந்தவரிடம்கூட ஒரே விலையைச் சொல்லி வந்தவன் நான்.

"ஒம்பது," என்றேன்.

"ஒம்பது லட்சமா?"

"கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பான்."

"வர்றவர் கண்ணைத் திறந்துக்கிட்டே ஒம்பது குடுத்தா?"

"குடுத்தா விக்கிறேன். குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா ஷெட் பேச்சை இனிமே நான் எடுக்கவே மாட்டேன். வண்டி அங்கேயே இருக்கட்டும். நீங்களும் அதுக்குள்ளேயே இருங்க."

என் மனசுக்குள் மேளம் கொட்டியது. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்: அந்தக் கார் ஐந்து பெறும். வாங்குகிறவர் புதிதாகக் காதலில் விழுந்தவராக இருந்தால் ஐந்தரை.

"ஆனா ஒரு கண்டிஷன்," என்றாள் அவள். "பொய் சொல்லக் கூடாது. வண்டியில இருக்கிற குறை எதையும் அவர்கிட்ட மறைக்கக் கூடாது. ஒண்ணு விடாம நீங்களே எடுத்துச் சொல்லணும்."

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று இன்னும் சொல்லவில்லையே? இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நஷ்டஈடுப் பிரிவு. ஒருவர் உடைந்த பொருளைக் கொண்டுவந்தால், அது உடைவதற்கு முன்பே உடைந்துதான் இருந்தது என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பது என் வேலை. என்னைப் போய், இஷ்டத்துக்குக் குறை சொல்லுங்கள் என்கிறாள்! நல்லவர்களுக்கு உலகம் தெரிவதில்லை. அவளுக்காக நான் உள்ளபடியே இரக்கப்பட்டேன்.

"ஒரு குறைகூட விட மாட்டேன். ஒம்பது குடுத்தா வித்தும் குடுக்கிறேன்," என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எதையும் மருந்தாகவே பார்ப்பவர்.

"இருக்கிற குறை போதுமா சார்?"

"போதும்னுதான் நினைக்கிறேன். பெயிண்ட் உதிருது. சீட்டு கிழிஞ்சிருக்கு."

"வர்றவர் ஆசைப்பட்டுட்டார்னா இதெல்லாம் கேக்காது சார். டோஸை ஏத்துங்க."

ஏற்றினேன். மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கப் போன நேரம் பார்த்து பானெட்டைத் திறந்தேன். நான்கு ஸ்பார்க் பிளக்கில் ஒன்றின் ஒயரைப் பிடுங்கி ஓரமாக விட்டேன். இனி வண்டி நடுங்கும், நொண்டும், மூன்று காலில் ஓடும். பிறகு இன்ஜினுக்குக் கீழே தரையில் எண்ணெய் ஊற்றினேன். பழைய கார் எண்ணெய் ஒழுக்கினால் வாங்க வந்தவர் பயந்துவிடுவார் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். கையில் இன்ஜின் ஆயில் இல்லை. சமையலறையில் ஒரு பாட்டில் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சிவந்த, சின்ன மனிதர் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. கையில் ஒரு தோல் பை.

"இவர் பல் டாக்டர்," என்றாள் என் மனைவி. "கடைத்தெருவுல கிளினிக் வெச்சிருக்கார்."

"வணக்கம் சார். உங்க சொத்தைப் பார்க்கலாமா?" என்றார் டாக்டர்.

அனிச்சையாக வாயைத் திறந்துவிட்டேன்.

"அதை இல்ல சார். காரை."

வாயை மூடிக்கொண்டு ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தூரத்துல இருந்து நாலு," என்றார்.

"என்னது நாலு?"

"நாலு லட்சம். பழைய காரும் பழைய பல்லும் ஒண்ணு சார். தூரத்துல அழகாத்தான் இருக்கும். கிட்டப் போகப் போக எனக்கு விலை இறங்கும்."

இவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நாலிலிருந்து ஆரம்பம், அதுவும் இறங்குமாம்! பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பையைத் திறந்தார். ஒரு டார்ச். துணியில் சுற்றிய ஒரு காந்தம். அப்புறம், நம்புங்கள், நீளக் கம்பியின் நுனியில் காசு அளவு வட்டக் கண்ணாடி. வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அதேதான். என் காரின் கதவுக்கு அடியில் அதை விட்டு, டார்ச் அடித்து, "ம்" என்றார். சக்கர வளைவுக்குள் விட்டு, "ம்ம்" என்றார். எனக்கே கடைவாய் கூசியது.

இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன்.

"டாக்டர், மறைக்க விரும்பலை. பெயிண்ட் ரொம்ப மோசம். கம்பெனியில அடிச்சதோட சரி. அதுக்கப்புறம் யாரும் தொட்டதே இல்ல. தடவினா கையில மாவு மாதிரி ஒட்டும்."

கண்ணாடி நின்றது.

"தொட்டதே இல்லையா?"

"ஒரு கோட்டுகூட இல்ல! வெக்கமா இருக்கு எனக்கு."

அவர் கதவின் ரப்பர் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தார். கீலைப் பார்த்தார். காந்தத்தைக் கதவில் வைத்து மெல்ல நகர்த்தினார். அது ஒட்டிக்கொண்டே போனது. பின்பக்கம், கூரை, சக்கரத்துக்கு மேலே, எங்கேயும் வழுக்கவில்லை.

"எங்கயும் அடைக்கலை," என்றார் மெதுவாக. "பட்டி பூசி இழைச்சிருந்தா காந்தம் விழுந்துடும். இது முழுக்கச் சொந்தத் தகடு." காந்தத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு, "அஞ்சரை," என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். நஷ்டஈடுப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தவன் அவ்வளவு சீக்கிரம் மனம் தளர்வதில்லை. சீட்டுக்குப் போனேன்.

"சீட்டைப் பாருங்க டாக்டர். கிழிசல்! ஸ்பிரிங் குத்துது. அந்தக் காலத்துல கம்பெனி போட்ட அதே தோல். மாத்தக்கூட எங்களுக்குத் துப்பில்லை."

"அதே தோலா?" அவர் தடவிப் பார்த்தார், குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி.

"இன்ஜினை இதுவரை யாரும் பிரிச்சதே இல்ல. கண்ணாடி எல்லாம் பழசு. டிக்கியில கிடக்கிற ஜாக்கி, ஸ்பானர்கூட வண்டியோட வந்ததுதான். ஒண்ணையாவது புதுசா வாங்கியிருக்கணும், வாங்கலையே!"

டாக்டர் டிக்கிக்கு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். உள்ளே சாக்குத் துணியில் சுற்றிக் கிடந்த ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். அவர் கண் பளபளத்தது.

"முப்பத்திரண்டும் இருக்கே!" என்றார். ஸ்பானர் எட்டுதான் இருந்தது. மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

"ஏழு," என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நூல் எடுப்பதை நிறுத்திவிட்டு ஷெட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், ஒரு சின்ன சந்தேகம்," என்றேன். "நான் குறை சொல்லச் சொல்ல உங்க விலை ஏறுதே?"

"குறையா? சார், பளபளன்னு பெயிண்ட் அடிச்ச பழைய கார் ஊர் முழுக்கக் கிடைக்குது. உள்ள என்ன அடைச்சிருக்கான்னு அடிச்சவனுக்கே தெரியாது. எனக்கு அது வேணாம். பெயிண்ட் எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாம். முதல் பெயிண்ட் ஒரே தடவைதான். இப்படிக் கை படாத வண்டியை நான் தேடாத இடமில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு மணி நேரமாக என் காரின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். உடனே கட்சி மாறினேன்.

"கை படாததுன்னு முழுசாச் சொல்லிட முடியாது," என்று இழுத்தேன். "இப்ப ஞாபகம் வருது. போன வருஷம்தான் நல்லாப் பெயிண்ட்..."

"ஏங்க," என்றாள் மனைவி கூரையைப் பார்த்தபடியே. "பொய் சொல்லக் கூடாதுன்னு பேச்சு."

"...அடிக்கலாமான்னு யோசிச்சேன்," என்று முடித்தேன்.

சரி, நேற்று ஏற்றிய டோஸ் இருக்கிறதே! "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க டாக்டர். அப்ப தெரியும் இதோட லட்சணம்," என்று சாவியைக் கொடுத்தேன்.

அவர் முயன்றார். வண்டி இருமியது. மறுபடி முயன்றார். தும்மிவிட்டு மௌனமாகிவிட்டது. எவ்வளவு முயன்றும் அசையவில்லை. நான் பெருமூச்சு விட்டேன். உள்ளுக்குள் அது சிரிப்பு.

"நீங்க போட்டுக் காட்டுங்க சார்."

நானும் கிளப்பாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஓர் ஆண்பிள்ளை எதிரில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தால், இன்னோர் ஆண்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. சோக்கைப் பாதி இழுத்தேன். ஆக்ஸிலரேட்டரை இரண்டு தடவை மிதித்தேன். மூன்றாவது தடவை மிதித்தால் அதற்குக் கோபம் வந்துவிடும். டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினேன். கிளம்பிவிட்டது. ஆனால் உடம்பெல்லாம் நடுங்கியது, ஷெட்டின் தகரம் வரைக்கும்.

டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "ஒரு பல்லு வேலை செய்யலை," என்றார். "வாயைத் திறங்க."

பானெட்டைத் திறந்தேன். அவர் கண்ணாடியை உள்ளே விட்டார்.

"நரம்பு கழண்டிருக்கு. தானாக் கழண்டதில்ல. இவ்வளவு தூசியில விரல் தடம் மட்டும் புதுசா இருக்கு பாருங்க." ஒயரை எடுத்து மாட்டினார். நடுக்கம் நின்றது. வண்டி மெத்தை மேல் உட்கார்ந்த மாதிரி அமைதியாக ஓடியது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். "நீலப் புகை இல்ல. எண்ணெயைக் குடிக்கலை. உள்ளே நல்லா இருக்கு."

"எண்ணெயைக் குடிக்கலை, ஆனா ஒழுக்குதே!" என்று நான் தரையைக் காட்டினேன். "குளம் மாதிரி!"

டாக்டர் குனிந்தார். விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். பல் டாக்டர்கள் எதையும் வாய் வழியாகத்தான் சோதிப்பார்கள் போலிருக்கிறது.

"சூரியகாந்தி," என்றார்.

"அதான் பாட்டில் பாதியா இருந்துச்சா!" என்றாள் மனைவி. "நான்கூட வீட்டுல பலகாரம் ஏதோ ரகசியமா நடக்குதுன்னு நினைச்சேன்."

நான் வண்டிக்குள் ஏதோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் எனக்குக் கடவுள் தெரிந்தார். டிரைவர் காலடி மிதியடிக்குக் கீழே ஓர் ஓட்டை! துரு தின்று, உள்ளங்கை அளவுக்கு, அதன் வழியாகத் தரை தெரிகிற உண்மையான ஓட்டை. அதை நானே மறந்திருந்தேன்.

"டாக்டர்! இங்க வாங்க! தரையில ஓட்டை! அசல் ஓட்டை!"

அவர் வந்தார். கண்ணாடி, டார்ச், "ம்ம்ம்." முதல் தடவையாக முகம் வாடியது. ஒரு சின்னக் கம்பியால் ஓட்டையைச் சுற்றிக் குத்திப் பார்த்தார்.

"இது சொத்தை. சுத்தி இருக்கிறது திடமா இருக்கு, ஆனா வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெக்கணும்." எழுந்து கையைத் துடைத்தார். "எட்டுக்குப் போகலாம்னு இருந்தேன். இதோட சேர்த்தும் எட்டே சொல்றேன், மத்ததெல்லாம் அவ்வளவு சுத்தம். ஆனா அதுக்கு மேல ஒரு காசு ஏறாது. அதுதான் நியாயமான விலை. இன்னொண்ணு, உங்க கைக்குத்தான் கிளம்புது சார். என் கிட்ட வந்தா என்ன பண்ணுமோ, அந்தக் கவலை வேற."

எட்டு! ஒன்பது இல்லை! அந்த ஓட்டைக்குள் முகத்தை விட்டு முத்தமிடலாம் போலிருந்தது. "அடடா," என்றேன் வருத்தமாக. "பேச்சு பேச்சுதானே டாக்டர். ஒம்பதுக்குக் குறைஞ்சா வீட்டுல சம்மதிக்க மாட்டாங்க. இல்லியாம்மா?"

"ஆமா, பேச்சு பேச்சுதான்," என்றாள் மனைவி. ஒரு துளிகூட வருத்தமில்லை. "இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க டாக்டர். ஒரு டீயாவது சாப்பிட்டுட்டுப் போங்க."

இருவரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். "பிழைச்சோம்டா," என்று காரிடம் சொன்னேன். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மாடியிலிருந்து கட்டைவிரலால் என்ன ஆச்சு என்று கேட்டார். நானும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

கட்டைவிரல் இறங்குவதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார். வாயெல்லாம் பல்.

"முடிச்சுடலாம் சார்," என்றார். "ஒம்பது."

என்ன நடந்தது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. சத்தியம் சத்தியம்தான். அதுவும் அவள் தலையில் அடித்துச் செய்த சத்தியம். தலை என்னவோ அவளுடையது, அடி மட்டும் எனக்கு.

டாக்டர் கைக்குக் கார் கிளம்பாது. ஆகவே, விற்ற காரை வாங்கியவர் வீட்டில் நானே கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. கிளம்பும்போது என் மனைவி கார் உறையை மடித்துப் பின்சீட்டில் வைத்தாள். அவள் தைத்த உறை. பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்குக் காது மாதிரி இரண்டு பைகள் வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்திருந்தாள். வைத்துவிட்டு அதன் ஓரத்தைத் தேவையில்லாமல் ஒரு தடவை நீவிவிட்டாள். "மழைக்கு முன்னாடி மறக்காம மூடச் சொல்லுங்க," என்றாள். அவள் குரல் கொஞ்சம் கம்மியிருந்ததா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை.

தெருமுனை வந்தது. வழக்கமாக அங்கே ரிவர்ஸ் போடுவேன். அன்று நேராகப் போனேன். டாக்டர் சைக்கிளை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் அழகான ஷெட், சிமெண்டுத் தரை, மின்விசிறிகூட இருந்தது. எங்கள் படுக்கையறையை விடக் காற்றோட்டம். சாவியைக் கொடுத்துவிட்டு, உருண்டைக் கண் இரண்டையும் கைக்குட்டையால் துடைத்தேன். அதே கைக்குட்டையால் பிறகு என்னுடையதையும் துடைக்க வேண்டியிருந்தது. தூசி.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஷெட்டில் என் மனைவி டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தாள். நான் போய் நடுவில் நின்றேன். சூரியகாந்தி எண்ணெய் வழுக்கியது.

"அவரை உனக்கு எப்படித் தெரியும்?"

"கிளினிக்குக்கு வெள்ளைக் கோட்டெல்லாம் நான்தானே தைக்கிறேன். அளவெடுக்கிறப்பல்லாம் கை படாத கார், கை படாத கார்னு புலம்புவார். எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, ஒரு குறை விடாம சொந்தக்காரரே எடுத்துச் சொல்லுவார்னு சொன்னேன். விக்கிறவன் குறையைச் சொல்ற கார் உலகத்துலேயே கிடையாதும்மான்னு சிரிச்சார்."

"எல்லாம் சரி. எட்டுக்கு மேல ஒரு காசு ஏறாதுன்னாரே. டீ குடிக்கிறதுக்குள்ள எப்படி ஒரு லட்சம் ஏறுச்சு?"

"காருக்கு ஏறலை. அதுக்கு எட்டுதான். அந்த ஒரு லட்சம் உங்களுக்கு."

எனக்கு மார்பு விரிந்தது. "எனக்கா?"

"அவர் கைக்குக் கிளம்பலைன்னு கவலைப்பட்டாருல்ல? அதனால உங்களையும் கூட அனுப்புறேன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காலையில போயி, துடைச்சு, ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து, சாயங்காலம் வரைக்கும் அதுக்குள்ளேயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டு வாங்க. மூணு வருஷத்துக்குப் பேசியிருக்கேன். மின்விசிறி இருக்காமே?"

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிறுதோறும் அந்த முன்சீட்டு எனக்கே என்று தெரிந்த பிறகு கோபம் சரியாக வரவில்லை. இருந்தாலும் எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறதே.

"இன்ஷூரன்ஸ்ல இத்தனை வருஷம் அனுபவம் உள்ள ஆள்," என்றேன். "மூணு வருஷத்துக்கும் சேர்த்து வெறும் ஒரு லட்சமா? அந்த மனுஷன் அவ்வளவுதான் மதிச்சாரா என்னை?"

"சேச்சே, அவரைச் சொல்லாதீங்க," என்றாள் அவள், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "அவர் முதல்ல ரெண்டுன்னுதான் சொன்னார்; நான்தான் மறைக்கக் கூடாதேன்னு உங்க குறையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துச் சொன்னேன்."